ஒன்பதாவது தானியம்

என் உயிரே, அண்ணே,

மண்வெட்டிப் பிடியால் உன் மண்டையைப் பிளந்த கங்காணியின் ஆட்கள் இன்றைக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறார்கள். "பாறையிலேருந்து வழுக்கி வுழுந்துட்டான்" என்று பொலிஸில் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொழுந்து பறிக்கிறேன்.

ஒரு கொடிக்காகவா அண்ணே? கண்டியிலிருந்து வந்த செடி ஆராய்ச்சி ஐயாவை மலைப்பாறைக்கு நீதான் கூட்டிப்போனாய். இது அவரைக்காய், மொச்சைக் குடும்பத்தில் யாரும் இதுவரை பதிந்துவைக்காத புதுக்கொடி, பூக்கும்போது வருகிறேன், அதுவரை காப்பாற்று என்றார். அதற்குள் புதுத் தேயிலை வைக்க அந்தச் சரிவுக்குத் தீ வைத்தார்கள். நீ குறுக்கே நின்றாய். அடித்தே கொன்றார்கள்.

உனக்குப் பால் தெளிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நானே போனேன். நவதானியத்தில் மொச்சை மட்டும் முஸ்லிம் நானாவின் கடையில் இல்லை. உன் சட்டைப்பையில் போன வருஷத்துக் காய்ந்த நெற்றுகள் கிடந்தன. காட்டு மொச்சை என்று நினைத்து உரித்து, மற்ற எட்டோடு கலந்து உன் குழிமேல் தூவினேன். மழையில் மற்றதெல்லாம் அழுகிப்போக, அது மட்டும் தலைமாட்டுக் கல்லில் ஏறியது.

போன வாரம் ஐயா வந்தார். கரிந்த பாறையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்து உன்னிடம் இழுத்துவந்தேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: மூன்று இலை, அடியில் பூனைமயிர், உறைந்த ரத்த நிறத்தில் பூ, காய்ந்தால் பட்டென்று வெடித்து முறுக்கிக்கொள்ளும் நெற்று.

"உலகத்திலயே இப்ப இது ஒண்டுதான் பிள்ளை. உங்கட அண்ணன்ர பேரை வைக்கட்டோ?"

"பேரு வச்சா எங்கண்ணன் மண்ட ஒட்டுமாங்க?" என்று கத்தினேன். பாவம், அந்த மனிதர் அழுதார்.

நேற்று கங்காணிக்கு மேலே இருக்கும் கண்டாக்கு புல்வெட்டு ஆட்களோடு நீ கிடக்கும் புதைகாட்டுக்கே வந்தார். இங்கேயும் தேயிலை வைக்கப்போகிறார்களாம். "எல்லாக் களையையும் புடுங்குங்கடா!" என்று தானே முதலில் கொடியில் கை வைத்தார். தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் அந்தக் கையை வெட்டினேன். ரத்தம் உன் மண்ணில்தான் சொட்டியது. கத்தியை உன் கல்லில் துடைத்தேன். தப்பா, அண்ணே?

பொலிஸ் வரும், வரட்டும். நெற்றுகளை நம் லயத்து வீடுகளின் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டேன். ஹட்டனிலும் நானுஓயாவிலும் கட்டிக்கொடுத்த மகள்களுக்கு அவர்கள் கொடுத்தனுப்புவார்கள். இனி நம்மில் யார் செத்தாலும் ஒன்பதாவது தானியம் இதுதான், அண்ணே, இது சத்தியம். எத்தனை குழியைத்தான் கொத்துவார்கள்? எனக்கும் ஒரு பிடி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்மா