வார்டன் பூட்டிய சார்ஜர் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் காதுகள்தான் பட்டினி. காதுக் கருவியின் சார்ஜர் பெட்டியைப் பாட்டுக் கேட்கிற சாமான் என்று விடுதி வார்டன் பறித்துப் பூட்டிவிட்டார்.

"சார், அது இல்லாட்டி நீங்க திட்டுறதே எனக்குக் கேக்காது!"

"அப்போ உனக்கு நிம்மதிதானேடா?"

பார்த்தாயா அநியாயத்தை! மூன்று மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டிய கருவிக்கு, தினமும் அவர் பூட்டைத் திறந்து, தன் மேசையில் அரை மணி நேரம்தான் அனுமதி தருகிறார். அவருடைய போன் மட்டும் நாள் முழுக்க அங்கேயே தொங்குகிறது! டாக்டர் சீட்டை உடனே அனுப்பு.

சனிக்கிழமை கருவியைப் போடவே இல்லை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டியதில், கழிவறை கழுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டேன். பரவாயில்லை, மிச்சம் பிடித்த அந்தச் சார்ஜ், ஞாயிறு நீ போன் பண்ணும்போது உன் குரலைக் கேட்க. சீக்கிரம் வைத்துவிடாதே.

மணி அடித்துவிட்டதாம், எல்லோரும் ஓடுகிறார்கள்.

உன் மகன்