தங்கவேலு லேட்டாக வந்த காலை

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்கவயல்.
1903 நவம்பர் 15, ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் ஜூடித்துக்கு அப்பா ஏனோக் எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் உன் அம்மா நேசமணியும் இங்கே பிழைத்துக் கிடக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் பேரைச் சொல்லாமல் அம்மா என் வாயில் கஞ்சி ஊற்றுவதில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துக்கொள் என்றால் முதலில் உங்கள் நாக்குக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நந்திதுர்க் பக்கம் மறுபடி எலி செத்து விழுகிறதாம், பிளேக் ஊசி போட வருவார்கள் என்று லைனில் பாதிப் பேர் சாமான் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீ அங்கே தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் நடத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரிய டீச்சரம்மாவிடம் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி இருக்கிறது, அதில் லேட் என்ற வார்த்தையின் பூர்வீகத்தைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். ஆதியில் அந்த வார்த்தைக்குள் மணியும் இல்லை கடிகாரமும் இல்லை, உடம்பு ஓய்ந்தவன், மெதுவாக நடப்பவன் என்றுதான் அர்த்தம், லத்தீனில் களைத்தவன் என்ற சொல்லும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு, பிறகுதான் நேரம் தப்பி வருகிறவன் என்று மாறியது, அதற்கும் பிறகு செத்தவர் பேருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது என்று வரிசையாக எழுதி, உங்கள் டைம் ஆபீஸ் வார்த்தைக்கு எவ்வளவு பெரிய வம்சம் பாருங்கப்பா, உங்க துரைக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைத்தவன் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே அந்த வார்த்தை எப்படி வந்தது என்று நானும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் குடியாத்தத்திலிருந்து முதன்முதலில் வந்து இறங்கியபோது லைனில் யார் வாயிலும் அது கிடையாது. நம்மவர்கள் நேரமாயிடுச்சு என்பார்கள், தெலுங்குக்காரர்கள் ஆலஸ்யம் என்பார்கள், கன்னடத்துக்காரர்கள் தட என்பார்கள். துரைமார் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்று லேட் லேட் என்று கத்தியபோது அது ஏதோ கெட்ட வசவு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். பிறகு புக்கில் போடும் சிவப்புக் கோட்டுக்கு அது பேராயிற்று. இப்போது அம்மை விழுந்த மாதிரி அவனுக்கு ஒரு லேட் உழுந்துடுச்சு என்கிறார்கள். ஒரே மாசத்தில் மூன்று விழுந்தால் பேரை அடித்துவிடுவார்கள், லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். களைப்பில் பிறந்த வார்த்தை என்று அவர்களுக்கு யார் சொல்வது.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். ஆளுக்கொரு நம்பர் அடித்த பித்தளை டோக்கன், பலகையில் ஆளுக்கொரு ஆணி. ரெண்டாவது சங்கு ஊதுவதற்குள் வந்து டோக்கனை வாங்கிக்கொண்டவன் கேஜில் ஏறிக் கீழே போகலாம். ரெண்டாவது சங்கு ஊதியதும் நான் பலகையைக் கதவு போட்டுப் பூட்டிவிட வேண்டும், உள்ளே தொங்குகிற நம்பர்களுக்கு எதிரில் புக்கில் சிவப்புக் கோடு. பூட்டிய பலகையைத் திறக்கக் கூடாது. பதினோரு வருஷமாக நான் திறந்ததில்லை, ஒரே ஒரு நாள் தவிர. அதை உன் அம்மாவுக்குக்கூட இந்த வாரம்தான் சொன்னேன்.

நமக்கு நாலாவது வீட்டுத் தங்கவேலு போன டிசம்பரில் பாறை சரிந்து போய்விட்டான் என்று அப்போது உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா. எப்படிப் போனான் என்று நான் எழுதவில்லை. அன்று நான் பலகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான் அவன் வந்தான். ஓடி வரவில்லை மகளே, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தான். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சு விசில் மாதிரி அடித்தது. ஏற்றத்துல மூச்சு வாங்கிச்சுண்ணா, கல்லு மேல கொஞ்சம் குந்திக்கினு வந்தேன், இது மூணாவது லேட்டுண்ணா, பாத்து செய்ங்க என்றான். அதற்கு மேல் பேசத் திராணி இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. துரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பலகையைத் திறந்து நானூற்றுப் பதினேழாம் டோக்கனை எடுத்து அவன் கையில் வைத்தேன், புக்கில் நேரத்தோடு வந்ததாக எழுதினேன். நீங்க மவராசனா இருக்கணும் என்று சொல்லிவிட்டு கேஜுக்குப் போனான். பத்து மணிக்கு கீழே அவன் வேலை செய்த லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. நான் சட்டப்படி நடந்திருந்தால் அவன் வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும், ஆள் இருந்திருப்பான்.

ஆளை எடுத்தார்கள், டோக்கன் கிடைக்கவில்லை. அந்த ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, வேறு ஆளுக்கு அந்த நம்பரைத் தர யாருக்கும் மனசில்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ரெண்டாவது சங்கு ஊதி ஓய்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே அந்த மூச்சு கேட்கிறது ஜூடித். நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை, ஞானஸ்நானம் வாங்கினவன். ஆனாலும் சாவியைப் போட்டுத் திருகுமுன் எட்டிப் பார்க்கிறேன். யாருக்கு நிக்கிற ஏனோக்கு என்று பின்னாலிருந்து யாராவது கேட்ட பிறகுதான் பூட்டுகிறேன்.

என்னைவிட மோசம் அவன் பெண்சாதி பார்வதம்மாவின் கதி. அன்று காலையில் அவன் படுத்தே கிடந்தானாம், மூணாவது லேட் உழுந்தா தெருவுலதான் நிக்கணும் என்று இவள்தான் போர்வையை இழுத்துத் தள்ளி அனுப்பியிருக்கிறாள். நான் தொரத்தலன்னா லேட்டாயிருக்கும், லேட்டாயிருந்தா உள்ள உட்டிருக்க மாட்டாங்க, நான்தான் நேரத்துக்கு அனுப்பிக் கொன்னுட்டேன் என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். சங்கு ஊதினால் காதில் துணியை அடைத்துக்கொள்கிறாள். ரெண்டு மாசமாக ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு மெதுவா போங்க, குந்திட்டுப் போங்க என்று ஆண்களின் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அப்படி நின்றவர்களில் ரெண்டு பேருக்கு லேட் விழுந்தது. லைன் பெண்கள் கொதித்துப்போய், புருஷன் ஆவி இவள் மேல் ஏறியிருக்கிறது, ஆள் பிடிக்கப் பார்க்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை அமாவாசை, பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடித்து விரட்டப்போகிறார்கள். முன்னொரு தடவை லைனில் இப்படி அடி வாங்கின வேறொருத்தி பிறகு எழுந்திருக்கவே இல்லை. அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. களைத்தவன் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் ஜன்னல் கட்டையைப் பிடித்த அந்தக் கைதான் தெரிந்தது. இன்று கோவிலில் ஆராதனை முடிந்ததும் நேரே பார்வதம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் புருஷன் லேட்டாகத்தான் வந்தான் அம்மா, நீ தள்ளி அனுப்பியது அவனை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை, பூட்டினதைத் திறந்து அவனை உள்ளே விட்டவன் நான் என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முறத்தில் இருந்த கேழ்வரகைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, இன்னாண்ணா சொல்றீங்க, நான் முதல் சங்குக்கே அனுப்பிட்டேனே, எங்க நின்னாரு என்று கேட்டாள். ஏற்றத்தில் கல் மேல் உட்கார்ந்திருந்தானாம், மூச்சு வாங்கியதாம் என்றேன். குந்தினாரா, கொஞ்ச நேரமாவது குந்தினாரா என்று ரெண்டு தரம் கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்க வந்து சொன்னீங்கன்னு நான் சொன்னா பைத்தியம் ஒளறுதும்பாங்க, புக்குல இருந்தாதான் நம்புவாங்க, அந்தப் புக்குல என் புருசனுக்கு லேட்டுன்னு எழுதுங்கண்ணா என்றாள். எழுதுகிறேன் என்றேன். நீங்க நல்லது நெனச்சுதான் செஞ்சீங்க, ஆனா இனிமே என் வூட்டு வாசலுக்கு வராதீங்க என்றாள். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்ல.

ஆகையால் நாளைக் காலையில் துரையிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே அந்தத் தேதிக்கு எதிரில் சிவப்புக் கோடு போடப்போகிறேன். மேஸ்திரிமார் பார்ப்பார்கள், மத்தியானத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், அவளைப் பிடித்து ஆட்டியது ஆவி இல்லை, நான் புக்கில் எழுதின பொய்தான் என்று புரிந்தால் வியாழக்கிழமை வேப்பிலையை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். பொய்க் கணக்கு எழுதினவனை வேலையில் வைக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னபோது திட்டுவாள் என்று பயந்தேன். சொல்லிட்டு வாங்க, பாத்திரத்த நான் கட்டி வெக்கிறேன் என்றாள். முழங்கால் வலியோடு இப்போதே பரணில் ஏறி நிற்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது மகளே, அறுபதை நெருங்கி இனி எந்த வாசலில் போய் வேலை கேட்பது. ஆனாலும் இன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நீ இதற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, ஏன்டா அந்த வார்த்தையைப் பற்றி எழுதினோம் என்றும் நினைக்காதே. இன்னும் ஒன்று, உன் வகுப்பில் பிள்ளைகள் நேரம் தப்பி வந்தால் கோடு போடுமுன் முகத்தைப் பார், ஏன் என்று கேள். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் நோய் நொடி அண்டாமல் காப்பாராக, உங்கள் வீட்டில் சீக்கிரம் தொட்டில் ஆடட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு எதிரில் சோடாக் கடை ராஜப்பா பேருக்கு எழுது, அவன் எங்களைத் தேடிக் கொடுப்பான். என் கையெழுத்துக்குக் கீழே டைம் ஆபீஸ் என்று எப்போதும் போடுவேன், இந்தத் தடவை போடவில்லை.

உன் அப்பா,
ஏனோக்