மெட்ராஸ் மெஷினுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

திருப்பூர்,
ஐப்பசி 4, 1973.

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் பொன்னாத்தாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே ஊட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. தம்பி திருமூர்த்தி நேற்று மெட்ராசிலிருந்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இன்றைக்கே திரும்புகிறான், அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் சாரதாமணிக்கு மாசம் நெருங்கிவிட்டதுங்க. அவளை விட்டு நான் ரயிலேற முடியாது. இல்லாவிட்டால் நானே வந்து உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று சண்டை போட்டிருப்பேன்.

கம்பெனியில் தீபாவளி சரக்கு பாதி போய்விட்டது. மின்வெட்டால் மெஷின்கள் பகலில் தூங்குகின்றன. கட்டிங் மாஸ்டர் தண்டாயுதபாணி கழுத்தை அகலமாக வெட்டி ஒரு கட்டு பனியனைப் பாழாக்கிவிட்டார். நீங்கள் இருந்தால் கத்தியிருப்பீர்கள். உங்கள் பங்குக்கு நானே கத்திவிட்டேன், ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆயுத பூஜையும் நல்லபடியாக நடந்தது. ஏழு வருசத்துக்கு முன்னால் மூத்திரப்பைக்குக் கீழே வந்த புற்றுநோயை, மெட்ராசில் கரண்ட் வைத்தியம் கொடுத்த பெரிய மெஷின்தானே போக்கியது? நம் பின்னல் மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கென்று தனியாக ஒரு எலுமிச்சம்பழம் வைப்பீர்களே, அதையும் மறக்காமல் வைத்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இப்போது வந்திருப்பது பழைய நோய் இல்லையாம், சதையில் முளைக்கிற வேறு சாதிக் கட்டியாம். கரண்ட் வைத்த இடத்தில் பல வருசம் கழித்து யாரோ ஒருத்தருக்கு வருமாம். புத்தகத்தில் படித்திருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டரே சொன்னாராம். எதிலும் நீங்கள் தனி ரகம்தான், இதிலுமா!

அதற்கு நீங்கள் டாக்டரிடம், என்னைக் காப்பாற்றிய மெஷின் மேல் பழி போடாதீங்க, அதையே இன்னொரு தடவை வையுங்க, வெட்டுகிறதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். நன்றி இருக்க வேண்டியதுதானுங்க. அதற்காக அந்த மெஷினுக்கு உயிரையா கொடுப்பார்கள்? அது நமக்கு ஏழு வருசம் கொடுத்தது. அதில்தான் சாரதாமணி கல்யாணத்தைப் பார்த்தோம். அதன் மேல் எனக்கும் கோபமில்லை. ஆனால் இந்தக் கட்டி அதற்கு அடங்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் தை தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரே. எடுத்தாலும் உறுதி சொல்ல மாட்டேன் என்றாராம். அதையும் தம்பி மறைக்கவில்லை. நானும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் பிடிவாதத்துக்கு மெஷின் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியாதா? மூத்திரப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து வெளியே ரப்பர் பை மாட்டுவார்களாம். அந்தப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனிக்குள் எப்படி நடப்பேன் என்று தம்பியிடம் கேட்டு அழுதீர்களாம். என்னிடம் ஒரு நாளும் அழுததில்லையே நீங்கள்.

தடித்த பனியன் துணியை ரெண்டாக மடித்து, இடுப்பில் கட்ட நாடா வைத்து ஒரு உறை தைத்து அனுப்பியிருக்கிறேன். கம்பெனி மெஷினில் நானே தைத்தேன். யாருக்கென்று, பனியன் செக்கிங் பார்க்கிற ஆயம்மாள் கேட்டாள். உன் வேலையைப் பாரு என்றேன். அந்த உறையோடு பையைக் கட்டி மேலே வேட்டியை இறக்கினால் எவனுக்கும் தெரியாது. தெரிந்தால்தான் என்ன? அளவு சரியில்லாவிட்டால் சொல்லியனுப்புங்கள், வேறு தைக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்குதுங்க மாமா. வெட்டுவதற்கும் பயம், வெட்டாமல் விடுவதற்கும் பயம். இந்த ரெண்டில் வெட்டுகிற பயத்தையே எனக்குக் கொடுங்கள், அதோடு நான் எப்படியோ இருந்துகொள்வேன். இத்தனை வருசத்தில் நகை நட்டு என்று உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். மூத்திரம் எந்த வழியாகப் போனால் என்னங்க, நீங்கள் நம் ஊட்டு வாசல் வழியாக வந்தால் போதும்.

காத்திருக்கும்,
பொன்னாத்தாள்