பிடுங்காத பல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, டாக்டரிடம் போகாமல் ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்களாம். அம்மா போனில் சொன்னாள்.

எனக்கும் போன வாரம் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன்.

"பிடுங்க வேண்டாம்மா. உள்ள நரம்புதான் அழுகிப்போச்சு. அதை எடுத்து, சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். பல்லு அப்படியே இருக்கும்" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டார். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார். வலிக்கவே இல்லை. ஆனாலும் தூக்கினேன். நர்ஸ் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் சிரித்தார், முடியும்வரை கையை விடவில்லை.

இனி பல்லுக்கு மேலே உறை போட வேண்டியதுதான் பாக்கி.

தலையணையில் விரிக்க அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். தினமும் மலைமலையாகத் தலையணை உறை துவைக்கிறேன். ஒன்றிலும் தூக்கம் வரவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் போங்கள், அப்பா. அம்மாவை வெளியே உட்கார வைக்காதீர்கள். உள்ளேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்