டைட்டில் பாட்டு மட்டும்

ஜூன் 14, சனி

ஏசுரத்தினம் சார் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு முதல் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார். 'நான் வாழும் இடத்தில் ஒலிக்கும் பாட்டுகள்.' ஜூலை முடிவதற்குள் பத்துப் பக்கம். எல்லோரும் தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு என்று பேசிக்கொண்டே போனார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஏது நடவு? அதை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், எனக்குப் பாடிய தாலாட்டைச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டேன். கொழுந்துச் சாக்கை வாசலில் உதறிக்கொண்டே அம்மா சொன்னது: "தாலாட்டா? ஒன்னைய சீரியல் பாத்துக்கிட்டேல்லா ஒறங்க வச்சேன். டைட்டில் பாட்டு முடியுமுன்ன ஒறங்கிருவ."

அப்படியென்றால் எங்கள் இடத்தின் பாட்டு அதுதானே?

ஜூன் 16, திங்கள்

சாரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "டிவி பாட்டா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "காதுல என்ன விழுதோ அத எழுதத்தானே சொன்னேன், இசக்கிப்பிரியா. ஆனா பாட்டை அப்படியே எழுதிக் கொண்டாந்து பக்கத்த நிரப்பாதே. அது என்ன செய்யுதுன்னு பார்த்து எழுது" என்றார்.

அதனால் இன்று மாலை பார்த்தேன், அதாவது கேட்டேன்.

எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். முதல் இரண்டு வீட்டில் கேபிள், மற்ற நான்கில் டிஷ். கேபிளில் பாட்டு முன்னால் வந்துவிடும், டிஷ்ஷில் இரண்டு வினாடி பிந்தும். அதனால் ஒரே வரி லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயில் மாதிரி ஓடுகிறது. ஏழரைக்கு 'இரட்டைக் கதவு' பாட்டு வந்தால் உலையில் அரிசி போட வேண்டும். எட்டரைப் பாட்டு வந்தால் பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவின் ஃபோனில் ஏதோ சினிமாவில் கதாநாயகன் நடந்து வரும்போது அடிக்கும் இசை. அது அடித்தால் யாரோ பெரிய ஆள் வரப்போவது போல இருக்கும். "சுடலைமணி, நாளைக்கு ஆறு மணிக்கு ஜீப்பு வேணும்" என்று டூரிஸ்ட் ஏஜென்ட்தான் வருவார்.

என் வகுப்பு ஜின்சி வீட்டில் ரேடியோச் செய்திக்கு முன்னால் வரும் இசையைக் கேட்டால் அவள் நாய் எழுந்து நிற்குமாம். அவள் சொன்னதால் எழுதிவைக்கிறேன். சரிபார்க்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

இந்த விஷயத்தில் உண்மையான நிபுணர் அடுத்த வீட்டுச் செல்வலட்சுமி அக்காதான். அவர் இப்போது படுத்தே இருக்க வேண்டும். முன்பு இரண்டு தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. இது மூன்றாவது. ஏழாம் மாதம் இப்போதுதான் பிறந்திருக்கிறது. தாலுக்கா ஆஸ்பத்திரி டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "கக்கூசுக்குத் தவிர எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அக்காவின் வீட்டுக்காரர் ஈஸ்வரன் அண்ணனுக்கு ரிசார்ட்டில் வேலை. வாரம் ஒரு நாள்தான் வருவார். காலைக் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து, மதியச் சோறு அந்தப் பக்கத்து வீட்டு ராமுத்தாய் அத்தையிடமிருந்து. பகல் முழுக்க எல்லோரும் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். அக்காவுக்கு டிவிதான் துணை.

நான் நோட்டுடன் போனதும் அக்கா உற்சாகமாகிவிட்டார். "டைட்டில் பாட்டுல ஒவ்வொருத்தரா திரும்பிப் பாத்துச் சிரிப்பாவ பாத்தியா? நல்லவ நேராச் சிரிப்பா, கெட்டவ ஓரமாச் சிரிப்பா. கதையே பாக்க வேண்டாம், ஆளு தெரிஞ்சிரும்." பிறகு திரையைக் காட்டினார். "அந்த மஞ்சச் சேலைக்காரி போன வருசமே செத்துட்டா. பாட்ட இன்னும் மாத்தல. தெனமும் வந்து சிரிச்சிட்டுப் போறா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதை நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு வெட்கமாக இருந்தது.

ஜூன் 22

அக்கா படுத்து இன்று பதினேழாம் நாள்.

ஜூலை 3, வியாழன்

மூன்று நாளாக மழை. பள்ளிக்கூடம் லீவு. இன்று மத்தியானம் ஃபாக்டரி வளைவில் பெரிய மரம் ஒயர் மேல் விழுந்து கரண்ட் போய்விட்டது. சரிசெய்ய ஒரு வாரம் ஆகலாம் என்கிறார்கள். ஃபோனில் சார்ஜும் இல்லை, டவரும் இல்லை.

ஏழரை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அடுப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எக்கா, படுங்க."

"எம்புட்டு நேரம்தான் தகரத்தப் பாத்துட்டே கெடப்பேன், சொல்லு. ஒரு சத்தம் இல்ல. என் நெஞ்சு அடிக்கதுதான் எனக்குக் கேக்கு. அதக் கேட்டுட்டுக் கெடக்க முடியல."

கெஞ்சிப் படுக்கவைத்தேன். மாலையில் அம்மா வந்து, "ரெண்டு புள்ளைய விட்டது பத்தாதா?" என்று திட்டிவிட்டாள். அக்கா அழுதார். அம்மாவும் வீட்டுக்கு வந்து அழுதாள்.

சத்தம்தான் வேண்டும் என்றால் நான் தரலாமே?

ஜூலை 5, சனி

தந்தேன்.

ஏழரை இருக்கும் என்று தோன்றியபோது அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து 'இரட்டைக் கதவு' டைட்டில் பாட்டை முழுக்கப் பாடினேன். பிறகு கதை நின்ற இடத்திலிருந்து நானே சொல்லிக்கொண்டு போனேன். இந்த சீரியலை நான் மதித்ததே இல்லை. ஆனால் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. கதாநாயகி மகேஸ்வரிக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். மாமியாரைக் காசிக்கு அனுப்பினேன். அக்கா அசையாமல் கேட்டார்.

சுவருக்கு மேலிருந்து ராமுத்தாய் அத்தை: "ஏட்டி, காசிக்கு எதுக்கு அனுப்புன? அவ இல்லாட்டி சண்டைக்கு யாரு இருக்கா?"

லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஒரே பெருமை.

ஜூலை 6, ஞாயிறு

டிவியில் ஞாயிற்றுக்கிழமை 'இரட்டைக் கதவு' கிடையாது. என்னிடம் உண்டு.

இன்று கதை நன்றாக அமைந்தது. நல்ல கதையில் எதிர்பாராதது நடக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதனால் முடிவில், நிறைமாத மகேஸ்வரி மாடிப்படியில் கால் வைக்கிறாள், படியில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. அங்கே நிறுத்தி, நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 7, திங்கள்

விடிந்ததும் அக்காவுக்கு வயிற்று வலி. அப்பா ஜீப்பின் பின்சீட்டில் மெத்தையைப் போட்டார். அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள், தலை என் மடியில். அப்பா ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்துவது போலவே ஓட்டினார். அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை.

இப்போது அவர் உள்ளே. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன் —

எதுக்கு மாடிப்படி? எதுக்கு எண்ணெய்? எல்லாந் தெரிஞ்சும் எனக்கு வேற ஒண்ணுமே தோணலயா? புஸ்தகத்துல இருந்தா அத அவங்ககிட்ட கொண்டு போய்ச் சொல்லணுமா? நானாத்தான் தள்ளிவிட்டேன். நாந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

அது பொய் வலி. தையல் அப்படியே இருக்கிறது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை எங்களுக்கும் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுவது போல இருந்தது.

நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாடிப்படி, எண்ணெய் எல்லாம். அவர் சிரித்துக்கொண்டே மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "கதை கேட்டா வலி வராது மோளே. எழுந்து பெருக்கினா வரும். வெள்ளம் குடிக்காம கெடந்தா வரும்."

மாலையில் திரும்பி வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மகேஸ்வரி விழவில்லை, எண்ணெய் அல்ல, வெறும் தண்ணீர், அவள் நன்றாக இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா என் வாயில் கை வைத்தார்.

"கதை வேண்டாம் பிள்ள. நீ நல்லபடியாச் சொன்னாலும், அடுத்து என்ன ஆகுமோன்னுதான் மனசு கெடந்து அடிக்கி. பாட்டு மட்டும் பாடு. பாட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அதனால் பாட்டு மட்டும் பாடினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூலை 10, வியாழன்

இன்று ஏழரைப் பாட்டை நான் தொடங்கியதும் ராமுத்தாய் அத்தை அந்தப் பக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டார். பிறகு ஆறாம் வீடு. பிறகு எங்கள் வீட்டிலிருந்து — நம்ப முடியவில்லை — அம்மா. கடைசியாக முதல் இரண்டு வீடும். தகரத்தில் மழை அடிக்கிற அடிக்கு எல்லோரும் கத்தித்தான் பாட வேண்டியிருந்தது. ஒருவரோடு ஒருவர் சேரவே இல்லை. ஆறாம் வீடு கரண்ட் இல்லாதபோதும் இரண்டு வினாடி பிந்தித்தான் வருகிறது.

"எப்பவும் டிஷ்ஷுதான் அவ," என்று அத்தை சொன்னார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீய, தையலு," என்றார்.

ஜூலை 14, திங்கள்

நேற்று கரண்ட் வந்துவிட்டது. இன்று ஏழரைக்கு அக்காவின் வீட்டில் டிவியைப் போட்டேன். டைட்டில் பாட்டு முடிந்ததும், "அணைச்சிரு" என்றார். எட்டு மணி சீரியலுக்கும் அப்படியே. எட்டரைக்கும் அப்படியே.

விட்டுப்போன கதையையெல்லாம் ஃபோனில் பார்த்துவிட்டுச் சொல்ல ராமுத்தாய் அத்தை ஓடி வந்தார். "ஏ செல்வி, அந்த மகேஸ்வரி இருக்காள்லா —" அம்மா அவரைத் தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

"ஒத்த வார்த்த," என்றார் அத்தை.

"ஒத்த வார்த்தையும் வேண்டாம் மைனி."

கதையைச் சொல்லாமல் இருப்பது அத்தைக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் அங்கிருந்து நேராக ஒன்றாம் வீட்டுக்குப் போனார்.

ஜூலை 27, ஞாயிறு

செயல்திட்டத்தில் பதினோரு பக்கம் எழுதிவிட்டேன். முடிவுரை வரவில்லை. வெள்ளிக்கிழமை சார் படித்துவிட்டு, "ஜின்சி நாய நம்ப முடியல. மத்ததெல்லாம் நல்லாருக்கு. முடிவுரைக்கு அவசரப்படாதே, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வச்சிக்கோ" என்றார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ராமுத்தாய் அத்தையின் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். சாருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

எட்டாம் மாதம் முடியப்போகிறது. இவ்வளவு தூரம் வந்ததே இல்லை என்பதால் அக்காவுக்கு இப்போதுதான் பயம் அதிகம். இன்று வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இதுக்குன்னு ஒரு டைட்டில் பாட்டு எழுதேன். நீதான் படிக்கிறவளாச்சே."

பதினாறு வரி எழுதிக்கொண்டு போனேன். விடியல், வானவில், மானுடம் எல்லாம் இருந்தது. ராமுத்தாய் அத்தை பாதியிலேயே, "என்னட்டி இது, ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். வீட்டுக்கு வந்து அடித்து அடித்து நான்கு வரியாக்கினேன்.

ஆறு வீடு ஒரே கூரை
ஆளுக்கொரு வெளக்கு
வர்றவளோ வர்றவனோ
வழி பாத்துக் கெடக்கு.

அக்கா இரண்டு தடவை பாடச் சொன்னார். "முடிவு என்னன்னு இல்லையே?" என்றாள் அம்மா. "டைட்டில் பாட்டுல எதுக்கு மைனி முடிவு," என்றார் அக்கா.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு நிஜ வலி. ஈஸ்வரன் அண்ணன் ரிசார்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். அப்பா, அம்மா, நான், அக்கா ஜீப்பில். சோதனைச்சாவடிக்கு மேலே மண் சரிந்து கிடந்ததால் ஒரு தடவை நின்றோம். அப்பாவும் அங்கே மாட்டிக்கொண்ட பஸ்ஸில் வந்தவர்களும் மண்ணைக் கையாலேயே தள்ளினார்கள். அடுத்த வளைவில் அம்மாவுக்கு வாந்தி வந்து இன்னொரு தடவை. வலி வரும்போதெல்லாம் அக்கா, "பாடு" என்றார். நான் பாடினேன். அப்பாவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடினார். அவருக்கு அந்த நான்கு வரியும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

11.40க்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூற்றைம்பது. "பெண்குட்டி" என்று நர்ஸ் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது, ஆனால் அவள் உடனே அழவில்லை. நான் எண்ணினேன், ஒன்பது வரை எண்ணியபோது அழுதாள்.

ஆகஸ்ட் 20

சூடு பத்தாததால் விளக்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தானாகப் பால் குடிக்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முடிவுரை எழுதலாம் என்று மாலையில் நோட்டைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்வலட்சுமி அக்கா குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலில் கொஞ்சல் என்று நினைத்தேன். கொஞ்சல் இல்லை.

"— அப்ப என்ன ஆச்சு தெரியுமா? மழைன்னா மழை, ஒனக்குத் தெரியாது அந்த மழை. நடுரோட்டுல மலை மாதிரி மண்ணு. ஒங்க சுடலைமணி மாமா எறங்கி ஓடுதாரு. எனக்கு உசிரே இல்ல. இனி அவ்வளவுதான்னு நெனச்சேன். பாத்தா, பஸ்ஸுல இருந்து நாப்பது பேரு எறங்கி வாராவ. அப்புறம் ஜீப்பு கெளம்பி ஒரே ஓட்டம், ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுச்சு —"

எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். சும்மா இருக்க முடியவில்லை.

"எக்கா, ரெண்டு தடவ நின்னுச்சு. அம்மா வாந்தி எடுத்தா."

"கேட்டியாட்டி," என்று அக்கா குழந்தையிடம் சொன்னார். "ரெண்டு தடவையாம். சரி, ஒங்க கற்பகம் அத்தை வாந்தி எடுத்த கதையில இருந்து மறுபடியும் வாரேன்."