உப்புக்காற்று என்று சொன்னேன்

புதன், ஐப்பசி.

நான் வேலை பழகும் கடையில், அஞ்சலையக்காவின் கம்ப்யூட்டரில் பழையதோடு ஒரு புது ஹார்டு டிஸ்க்கும் போட்டோம். விண்டோஸ் ஏறவில்லை. ஸ்க்ரீனில் ஒரே டிஸ்க்தான் தெரிந்தது. அதுதான் புதியது என்று நினைத்து, கடைக்கார அண்ணன் அதை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அழித்தேன், ஏறிவிட்டது. பிறகுதான் பார்த்தோம், புதியதன் கேபிள் கழன்று கிடந்தது. அழிந்தது பழைய டிஸ்க். அக்காவின் செத்துப்போன மகனின் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன.

"பழைய டிஸ்க் உப்புக்காத்துல போயிடுச்சுன்னு சொல்லு. நீயும் உப்பளத்து வீட்டுப் பொண்ணு, நம்புவாங்க," என்றார் அண்ணன்.

அக்கா வந்ததும் அப்படியே சொன்னேன். அவர் வெடித்துப்போன தன் கைகளைப் பார்த்தார்.

"காத்து இல்லடி. உப்பளத்துலேர்ந்து வந்து கைகூட கழுவாம அவன் படத்தைத் தொறந்து பார்ப்பேன். நான்தான் கெடுத்துட்டேனா?"

அண்ணன் என்னை முறைத்தார்.

"இருக்கும்க்கா," என்றேன்.