நாலாம் பீரியட் டீ

ஆகஸ்ட் 5, திங்கள்

எனக்கு ஒரு நாளில் இருக்கும் ஒரே ஓய்வு நாலாம் பீரியட். இன்றும் போச்சு. ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றுகிறேன், வாசலில் தலைமையாசிரியர்.

"டீச்சர், எட்டாம் வகுப்புக்கு ஆள் வரலை. கொஞ்சம் பார்த்துக்கங்க."

"சரி சார்" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. கணக்கு வாத்தியாரின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டதுமே கழிப்பறைக்குள் போய்விடுவார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. திரும்பி வந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. இந்த வருடம் ஒரு நாளாவது சூடாகக் குடித்திருக்கிறேனா?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று "முடியாது சார்" சொல்லிப் பழகினேன். பின்னால் வீட்டுக்காரர் நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்கிட்ட மட்டும் ஒத்திகையே இல்லாம வருதே?"

பேச்சைப் பார். ஆனாலும் உண்மைதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மறுபடி எட்டாம் வகுப்பு. கத்து கத்தென்று கத்தியதில் மதியத்துக்குள் குரல் மொத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாதாம், டாக்டர் உத்தரவு. வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டபடியே விசில் அடித்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். நான் வாயைத் திறக்காததால் ஏதோ பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன் என்று எட்டாம் வகுப்பு முடிவு கட்டிவிட்டது. ஊசி விழுந்தால் கேட்கும். ஜன்னல் வழியே பார்த்த தலைமையாசிரியருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"கன்ட்ரோல்னா இதுதான் டீச்சர். இனிமே வருஷம் முழுக்க நாலாம் பீரியட் இந்த வகுப்பு உங்களுக்குத்தான்."

கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். கும்பிட்டே பார்த்தேன்.

"மௌனம் சம்மதம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாவி மனுஷன்! அழுகையாக வந்தது. சத்தமில்லாமல்தான் அழுதேன் — வேறு எப்படி அழறது?

ஆகஸ்ட் 12, திங்கள்

ஃப்ளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டேன். எதற்கு வீண் சுமை?

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் குரல் வந்துவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை, முதல் வார்த்தையை வீணாக்க மனமில்லை.

நாலாம் பீரியட் மணி அடித்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வாசலில் தலைமையாசிரியர்.

"கிளம்பலையா டீச்சர்?"

"முடியாது சார்."

கரகரவென்றுதான் வந்தது, ஆனால் வந்தது. கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். தலைமையாசிரியர் சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. முனகிக்கொண்டே எட்டாம் வகுப்புக்கு அவரே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவது ஆசிரியர் அறைவரை கேட்டது.

டீ? ஃப்ளாஸ்க் வீட்டில் இருக்கிறதே! மடச்சி, மடச்சி.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று மறக்காமல் ஃப்ளாஸ்க்கை எடுத்துப் போனேன். தலைமையாசிரியர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். குரல் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பக்கம் ஒரு கை, என் பக்கம் ஒரு கை காட்டினார். உள்ளே பழைய "சரி சார்" முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிவிட்டு மரியாதையாக எழுந்து நின்றேன்.

"சார், நாலாம் பீரியட் இனிமே எனக்கே எனக்குத்தானே? இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"மௌனம் சம்மதம், சார்."

கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. தலைமையாசிரியரின் கை அவர் பக்கம் திரும்பிவிட்டது.

உட்கார்ந்து டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துவிட்டது.